அடுப்பில் மீன் கிடந்த மத்தியானம்

அன்று அந்தக் கண்ணாடி அறைக்குள் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், என் மனைவி குளோரி, எங்கள் மகள் ஜெனி, கடன் கம்பெனி மேனேஜர். நாகர்கோவிலில் ஒரு மாடி ஆபீஸ், நல்ல பகல் வெளிச்சம், ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நாலே பேர்தான். மேனேஜருடைய கம்ப்யூட்டர் திரையில் இன்னொருவன் உட்கார்ந்திருந்தான். அவனையும் ஆளாகக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பேய், பிசாசு, மாடன், யட்சி எதையும் நான் நம்பியவனில்லை. பூதப்பாண்டிப் பக்கம் எனக்கு வாழைக்குலை வியாபாரம். விடியுமுன்னே கல்லறைத் தோட்டத்தை ஒட்டின பாதையில் சைக்கிளில் குலையேற்றிப் போன ஆள், ஒருநாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. என் பயமெல்லாம் உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றித்தான். கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்புவேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டதால், படித்தவன் எவனாவது எதையாவது நீட்டிக் கையெழுத்து வாங்கிவிடுவான் என்று எப்போதும் ஒரு பதற்றம். இதை எங்கள் பக்கம் வெப்ராளம் என்பார்கள். சந்தையில் எனக்கு வெப்ராளக்காரன் என்றே பெயர்.

இப்படிப்பட்டவன் வீட்டுக்கு, ஜெனியின் படிப்புக்காக நெட் கனெக்ஷன் வந்தால் என்ன ஆகும்? வெளியே கிளம்பினால் அந்த நெட் பெட்டியை அணைத்துவிடுவேன். ஜெனியின் லேப்டாப் முன்னறை மேஜையில் இருக்கும், அதன் கேமராக் கண்ணில் புண்ணுக்குப் போடுகிற பிளாஸ்திரியை ஒட்டி வைத்தேன். ஆதார் நகல் கொடுத்தால் குறுக்கே கோடு போட்டு, எதற்காகக் கொடுக்கிறேன் என்று எழுதித்தான் கொடுப்பேன். பேங்கிலிருந்து பேசுகிறோம், ஓடிபி சொல்லுங்கள் என்று எவனாவது கூப்பிட்டால், உன் வீடு எங்கே, அப்பா பெயர் என்ன என்று நான் அவனைக் கேட்க ஆரம்பித்துவிடுவேன்.

"எப்பா, உங்கள ஏமாத்த வாறவன் பாவம். அழுதுட்டுத்தான் போவான்" என்று ஜெனி சிரிப்பாள்.

இவ்வளவு காவலும் போட்டவன் ஒரு இடத்தில் கோட்டை விட்டேன். எனக்கு ஈமெயில் ஆரம்பித்துக் கொடுத்தபோது ஜெனி பாஸ்வேர்டு கேட்டாள். மறந்துபோகாமல் இருக்க வேண்டுமே என்று, குளோரியின் பெயரையும் எங்கள் கல்யாணத் தேதியையும் சேர்த்துச் சொன்னேன். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வாரத்துப் பிறந்தநாள், கல்யாண நாள் எல்லாவற்றையும் போதகர் மைக்கில் வாசித்து ஜெபம் செய்வார். போதாததற்கு, சபையின் வாட்ஸ்அப் குரூப்பில் தம்பதியின் படமும் பெயரும் தேதியும் பூ போட்டு வரும். எங்கள் படம் வந்தபோது முதல் ஆளாக நன்றி போட்டதும் நான்தான். அந்த ஈமெயிலில்தான் ஆதார், பான் கார்டு, பேங்க் பாஸ்புக் எல்லாவற்றின் படமும் இருந்தது. காகிதம் தொலைந்துபோகும், இதில் பத்திரமாக இருக்கும் என்று நானே எனக்கு அனுப்பி வைத்திருந்தேன்.

இனி அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். முட்டத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஏத்தங்குலை, அதாவது நேந்திரங்குலை, இறக்கப் போயிருந்தேன், வேன் டிரைவர் செல்லத்துரை கூட இருந்தான். வீட்டில் குளோரி மட்டும். கடல் காற்றில் பேச்சே கேட்காத இடத்தில் நின்று குலையை எண்ணிக்கொண்டிருக்கும்போது அவளிடமிருந்து போன் வந்தது.

"ஜெனிக்க அப்பா, நீங்க எங்க நிக்கியோ?"

"முட்டத்துல. குலை எறக்குதோம். ஏன்?"

"இப்போ முன்ரூமுக்குள்ள இருந்து என்னைக் கூப்பிட்டியளே!"

"ஒனக்கு வெயில்ல தல கிறங்குதா? கதவு பூட்டிக் கெடக்கான்னு பாரு."

"தாழ்ப்பா போட்டுத்தான் கெடக்கு. ரூமுல ஒருத்தருமில்ல. ஃபேன் மட்டும் ஓடுது, நான் போடல்ல."

நம்பினால் நம்புங்கள், எனக்கு அப்போது வந்த கவலை கரண்ட் பில்லைப் பற்றித்தான். அணைக்க மறந்தது நானா என்று அதையே யோசித்துக்கொண்டு குலையின் எண்ணிக்கையைத் தப்பவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபின் அவள் மறுபடியும் சொன்னாள். சும்மா கூப்பிடவில்லையாம், புட்டு என்று கூப்பிட்டேனாம்.

அதையும் சொல்லிவிட வேண்டியதுதான். கல்யாணம் முடிந்த புதிதில் அவள் அவித்த புட்டை உடைக்க நான் அம்மிக்கல்லைக் கேட்டேன், அன்று வைத்த பெயர். நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருக்கும்போது மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவேன். ஜெனி காதில்கூட விழவிட்டதில்லை. போனில் எழுதியதோ பேசியதோ கிடையாது. அடுப்புப் புகையில் பழைய ஞாபகம் வந்திருக்கும் என்று அவளைக் கேலி செய்துவிட்டு நான் மறந்துவிட்டேன்.

ஜெனிக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தபோதுதான் இடி விழுந்தது. படிப்புக் கடன் கேட்டுப் போன பேங்கில், உங்கள் பெயரில் ஏற்கெனவே ஒரு கடன் தவணை கட்டாமல் நிற்கிறது, அது தீராமல் கொடுக்க முடியாது என்றார்கள். நான் பெயர்கூடக் கேட்டிராத ஒரு கம்பெனி. ஆன்லைனிலேயே இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கொடுத்திருக்கிறார்கள், என் பெயரில் எவனோ திறந்த ஒரு கணக்குக்கு. மாதக் கடைசிக்குள் ஃபீஸ் கட்டவில்லையென்றால் கல்லூரி இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

சைபர் போலீஸுக்கு ஓடினோம். அங்கே இருந்த பெண் போலீஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாஸ்வேர்டு எப்படிப்பட்டது என்றார். நான் வாயைத் திறந்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"சொல்லாதீங்க! எங்கிட்டயும் சொல்லக்கூடாது. கல்யாணத் தேதியா, பிள்ளை பொறந்த தேதியா, அத மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். சபையில் வாசிக்கிற வழக்கத்தையும் சொன்னேன்.

"அப்போ நீங்க நல்லாப் பூட்டிட்டு, சாவிய மைக்குல வாசிக்க விட்டிருக்கீங்க."

மனுவை வாங்கிக்கொண்டு ஒரு வழியும் சொன்னார். கடன் கொடுக்குமுன் அந்தக் கம்பெனிக்காரர்கள் வீடியோவில் ஆளை நேரில் பார்த்துப் பேசிப் பதிவு செய்திருப்பார்கள், அதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், வேறு முகம் இருந்தால் உங்கள் பெயர் அங்கேயே தெளிந்துவிடும் என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது. அப்படித்தான் நாங்கள் மூன்று பேரும் அந்தக் கண்ணாடி அறைக்குப் போனோம்.

மேனேஜர் வீடியோவை ஓடவிட்டார். என் வீட்டு முன்னறை. சபை காலண்டர் ஃபேன் காற்றில் அடித்துக்கொண்டிருக்கிறது. நாற்காலியில் நான். லேப்டாப் இருக்கிற மேஜையிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. ஆனால் அந்த லேப்டாப்பின் கண்ணில் நான் ஒட்டிய பிளாஸ்திரி ஓரம் அழுக்கேறி அப்படியே இருக்கிறது, ஒருநாளும் உரிந்ததில்லை. தேதியைப் பார்த்தேன். முட்டத்துக்குப் போன அதே நாள், அதே மத்தியானம்.

"இப்போ மூஞ்சியக் கம்ப்யூட்டர்லயே செய்யுவாங்கப்பா, சத்தமும் செய்யுவாங்க. பயப்படாதீங்க" என்று ஜெனி காதோரம் சொன்னாள். எனக்கும் அது சரியென்றே பட்டது.

வீடியோவில் ஒரு பெண் குரல் பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்டது. அவன் தடுமாறாமல் சொன்னான். கடைசியாக, "வீட்ல வேற யாராவது இருக்காங்களா சார்?" என்று கேட்டது.

அவன் உள்பக்கம் தலையைத் திருப்பினான். "ஏட்டி புட்டு" என்று கூப்பிட்டான்.

தூரத்திலிருந்து, அடுக்களைப் பக்கமிருந்து, ஒரு குரல் வந்தது. "இன்னா வாறேன், அடுப்புல மீன் கெடக்கு."

மேனேஜர் நிறுத்தினார். "இது உங்க வைஃப் குரலா சார்?"

மேஜைக்கு அடியில் ஜெனி அவள் அம்மாவின் கையைப் பிடித்து நெரித்தது எனக்குத் தெரிந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை போதும். முகமும் பொய், குரலும் பொய், எல்லாமே மிஷின் செய்தது என்று எழுதி முடித்துவிடுவார்கள், பிள்ளை கல்லூரிக்குப் போய்விடுவாள். நான் குளோரியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை.

"எனக்க சத்தந்தான் சார். அன்னைக்கு நான்தான் பதில் சொன்னேன்."

"அப்போ சார் வீட்லதான் இருந்திருக்கார்."

"இல்ல. அவிய முட்டத்துல நின்னாவ."

"அப்போ நீங்க யாருக்கும்மா பதில் சொன்னீங்க?"

குளோரி தன் கையை ஜெனியின் பிடியிலிருந்து விடுவித்துக்கொண்டாள்.

செல்லத்துரையை வேண்டுமானால் விசாரியுங்கள், போன் கணக்கைப் பாருங்கள் என்று நான் என்னென்னவோ சொன்னேன். டிரைவர் உங்கள் ஆள், போன் முட்டத்தில் இருந்தால் நீங்களும் அங்கே இருந்ததாக ஆகிவிடாது சார் என்றார் மேனேஜர், மரியாதையாகத்தான் சொன்னார். மாடிப்படி இறங்கும்போது ஜெனி அழுதாள்.

"ஒரே ஒரு வார்த்தைம்மா. சொல்லியிருக்கக் கூடாதா?"

"கேட்டது எனக்க காது, மக்கா. இல்லேன்னு எப்பிடிச் சொல்லுவேன்?"

அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது. ஜெனி இந்த வருஷம் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள், அம்மாவிடம் பேச ஆரம்பித்ததே கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான். கேஸ் நடக்கிறது. பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றிவிட்டேன், எந்த மைக்கிலும் வாசிக்க முடியாதவை, ஒன்றுக்கு வைத்தது இன்னொன்றுக்குக் கிடையாது. மெயிலைத் திறந்தால் என் போனுக்கு நம்பர் வருகிற மாதிரி இரண்டாவது பூட்டும் போட்டாயிற்று. பார்க்கிறவர்களிடமெல்லாம் கல்யாணத் தேதியை வைக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். முகத்தையும் குரலையும் மிஷின் செய்யும் என்கிறார்கள், இருக்கட்டும். அடுக்களையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவள் காதில் விழவைத்த மிஷின் எது என்று யாராவது எனக்குச் சொல்லட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. மேனேஜர் அன்று நிறுத்திய இடத்திலிருந்து வீடியோவைக் கடைசிவரை ஓடவிட்டார். கேள்வி கேட்ட பெண் நன்றி சொன்ன பிறகும் சில நொடி படம் ஓடியது. அவன் கேமராவைப் பார்க்கவில்லை, அடுக்களை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். குளோரியின் செருப்புச் சத்தம் கிட்ட வருகிறது. அவன் மெல்ல எழுந்திருக்கிறான், முகத்தில் சிரிப்பு வர ஆரம்பிக்கிறது, அதோடு படம் நின்றுவிட்டது. மீனைத் திருப்பிப் போட நிற்காமல் அவள் உடனே வந்திருந்தால் அந்த வாசலில் என்ன பார்த்திருப்பாள்?

இப்போதெல்லாம் நான் வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டால் அவள் பதில் சொல்வதில்லை. சத்தமில்லாமல் வந்து, கதவோரத்தில் நின்று என் முகத்தைப் பார்த்த பிறகுதான் "ம்" என்பாள். புட்டு என்று நானும் கூப்பிடுவதில்லை.

இன்று காலையிலும் அந்தக் கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்தது. மேலே என் பெயர், ஒரு எழுத்துப் பிழையில்லாமல். கீழே பாக்கி, இரண்டு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு ரூபாய்.