சஸ்மிதாவுக்கு எந்த சாஸ்தா?

ஐம்பது வயதுக்கு மேல் நான் ஸ்கூட்டர் பழகப் போனதற்கு என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்புதான் காரணம். அவர் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நானும் பேசாமல் டவுன் பஸ்ஸிலேயே காலத்தை ஓட்டியிருப்பேன். என் பெயர் கற்பகம். கோவில்பட்டியில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். பல்லில் ஊசி கடித்திருக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் எனக்கு வாய் சும்மா இருக்காது. எந்த ஆளைப் பார்த்தாலும் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் சோறு இறங்கும்.

எனக்கு வண்டி சொல்லிக்கொடுக்க வந்தவள் சஸ்மிதா. ஊருக்கு வெளியே கரிசல் காட்டைச் சமப்படுத்தி, மஞ்சள் கல் நட்டு, யாரும் வாங்காமல் கிடக்கிற பிளாட்டுதான் அவளுடைய பள்ளிக்கூடம். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஆனால் அதட்டலில் கண்டக்டரே அவளிடம் தோற்றுப்போவார்.

"யக்கா, பிரேக்கப் பிடிங்கன்னா ரெண்டு காலையும் ஊணுதீங்க. காலு என்ன பிரேக்கா?"

நான் ஓட்டிக்கொண்டே விசாரித்தேன். "ஒனக்கு எந்த ஊருட்டி?"

"இந்த ஊருதான்."

"அப்பாவுக்குச் சொந்த ஊரு?"

"முன்னால பாத்து ஓட்டுங்கக்கா, கல்லு இருக்கு."

ஒரு வாரமாக இதே பதில். எனக்கா விட மனசு வரும்? ஒருநாள் அவள் போன் ஒலித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண் குரல் எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியாத பாஷையில் கடகடவென்று பேசியது. இவள், "சரிம்மா, வாரப்ப வாங்கிட்டு வாரேன், வையி" என்று தமிழில் சொல்லி வைத்தாள். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் வண்டியோடு சரிந்து கரிசலில் உட்கார்ந்துவிட்டேன்.

"அது என்னட்டி பாசை?" என்று உட்கார்ந்த இடத்திலேயே கேட்டேன். அடிபட்டதா என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

"ஒடியா," என்றாள், வண்டியை நிமிர்த்திக்கொண்டே. "எங்கப்பா அம்மா ஒடிசாக்காரவிய. நான் அஞ்சு வயசுல வந்தேன். போதுமா?"

எனக்குப் போதாது. வண்டி பழகி முடிப்பதற்குள் முழுக் கதையையும் கறந்துவிட்டேன். அவள் அப்பா கைலாஷ் கஞ்சம் மாவட்டத்திலிருந்து இங்கே ஒரு நூல் மில்லுக்கு வந்தவர். அம்மா மினதி கடலைமிட்டாய்க்குக் கவர் ஒட்டப் போனார். இவளை முதல் வகுப்பில் சேர்த்தார்கள். முதல் நாள் பென்சில் கேட்டிருக்கிறாள், தன் பாஷையில். வகுப்பே சிரித்ததாம். அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து அன்றைக்கே அந்தப் பாஷையை நிறுத்திவிட்டாள். முதலில் வாயைத் திறக்காமல் சைகை காட்டினாள். சில மாதத்தில் தெருப் பிள்ளைகளிடமிருந்து தமிழைப் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு அப்பாவும் அம்மாவும் ஒடியாவில் கேட்பார்கள், இவள் தமிழில் பதில் சொல்வாள். வீட்டில் இன்றுவரை அப்படித்தான்.

ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அவர்களுக்காகப் பேசியவள் அவள்தான். அம்மாவுக்கு வயிற்றுவலி வந்தபோது, பெரிய பெண்களிடம் கேட்க வேண்டியதையெல்லாம் டாக்டர் இந்தப் பொடிசிடம் கேட்டாராம். "பாதி எனக்கே புரியல. ஆனா தெரியாதுன்னு சொன்னா வடக்கத்தியான்னு நெனச்சிருவாவள்லா. அதான் எல்லாத்துக்கும் ஆமான்னு தலையாட்டிட்டேன்," என்றாள். நான் சிரித்துவிட்டு, அப்புறம் சிரித்ததற்காக நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவளை உண்மையிலேயே மடக்கியது பங்குனி உத்திரம்தான். எங்கள் பக்கத்தில் உத்திரத்தன்று டவுன் பாதி காலியாகிவிடும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் குலசாமியாக ஒரு சாஸ்தா உண்டு. குளத்தங்கரையோ முள்ளுக்காடோ, எங்கே இருந்தாலும் அன்றைக்குப் போய்ப் பொங்கல் வைத்தாக வேண்டும். மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் பேசும். "ஏட்டி, ஒங்க சாஸ்தா எங்கன இருக்கு?" என்று இவளைக் கேட்டிருக்கிறார்கள்.

"மணியாச்சிக்குப் பக்கத்துல. ரயிலடி சாஸ்தா," என்று சொல்லிவிட்டாள். ரயிலில் வந்தோம் என்பது மட்டும்தான் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதற்கப்புறம் வருஷா வருஷம் உத்திரத்தன்று வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, அம்மாவையும் வாசலுக்கு விடாமல், நாள் முழுக்க உள்ளேயே இருப்பாள். மறுநாள் போய்ப் பொங்கல் வைத்த கதையை அளப்பாள். ஒரு வருஷம் சாஸ்தாவுக்குக் குதிரை வந்தது. அடுத்த வருஷம் நாய் வந்தது. ஏழாம் வகுப்பு முடிவதற்குள் ரயிலடி சாஸ்தாவைச் சுற்றி இருபத்தோரு பரிவாரத் தேவதைகளும் வந்து உட்கார்ந்துவிட்டார்களாம்.

"ஒங்கப்பாகிட்ட ஒங்க சாமி எதுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"கேக்கத் தோணலக்கா." இதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் சுருங்கியது.

அவள் வண்டியைப் பழுது பார்க்கிற ஒர்க்ஷாப்பில் செல்வகணேஷ் என்று ஒரு பையன். பக்கத்தில் எப்போதும்வென்றான் என்கிற ஊர்க்காரன். ஆட்டுக்கார வீடு, இப்போது விவசாயமும் உண்டு. நல்லா ஓடுகிற வண்டி வாரம் ஒருமுறை ஒர்க்ஷாப்புக்குப் போனால் என்ன அர்த்தம்? வண்டிக்குப் பெட்ரோல் போடக் கற்றுக்கொள்வதற்கு முன்பே எனக்கு அது விளங்கிவிட்டது. ரெண்டு பேரும் வீட்டில் சொன்னார்கள். அவன் அப்பாவுக்கு ஆடுகளோடு பேசத்தான் வரும். வீட்டில் முடிவெடுக்கிறது அம்மா இசக்கியம்மாள்தான். நாங்கள் பயந்த அளவுக்கு அந்த அம்மா ஒன்றும் குதிக்கவில்லை. "வந்து பாக்குதேன்" என்று மட்டும் சொல்லியனுப்பியது.

பெண் வீட்டுக்குச் சொந்தம் என்று உட்கார ஓர் ஆள் வேண்டுமே என்று என்னைக் கூப்பிட்டார்கள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய் முதல் ஆளாக உட்கார்ந்தேன். பிடித்திருந்தால் அன்றைக்கே பெண்ணுக்குப் பூ வைத்து உறுதி பண்ணிவிடலாம் என்று இசக்கியம்மாள் மல்லிகைச் சரமும் பழமுமாக மகனோடு வந்து இறங்கியது. யாரையும் கேட்காமல் நேரே அடுக்களைக்குள் நுழைந்து ஒரு சட்டியைத் திறந்து பார்த்தது. தண்ணீர் ஊற்றிய பழைய சோறு. பக்கத்தில் உரித்த வெங்காயம்.

"இதயா சாப்பிடுதீங்க?"

மினதி பயந்துபோய்த் தலையாட்டினார்.

"ஏலே கணேசு, இவிய நம்மாளுகதாம்லே!" என்று சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தது. எனக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது.

"அண்ணாச்சி, ஒங்க குலசாமி எது? பூ வைக்குறதுக்கு முன்ன பொண்ணு வீட்டுச் சாமிகிட்ட உத்தரவு கேக்கணும். கேக்காமக் கூட்டிட்டுப் போனா அது கோவிச்சுக்கிட்டுப் பின்னாலயே வந்து நிக்கும்."

கைலாஷ், "ஜெகந்நாத்" என்றார்.

"அது பெரிய சாமி, எல்லாருக்கும் பொது. நமக்குத் திருச்செந்தூர் மாதிரி. ஒங்க குடும்பத்துக்குன்னு சொந்தமா இருக்குற சாமியக் கேக்குதேன்."

அவர் தரையைப் பார்த்தார். சஸ்மிதா என்னைப் பார்த்தாள். ரயிலடி சாஸ்தாவை எடுத்துவிட்டுவிடுவாளோ என்று எனக்குப் பகீரென்றது. ஆனால் அவர் மெதுவாகச் சொன்னார். "இருக்கு. ஊர்ல. பொம்பள சாமி. டாக்குராணி. கோயில் இல்ல. மரத்துக்குக் கீழ கல்லு. மண்ணுல குதிர செஞ்சு வைப்போம்."

"ஏன்ப்பா எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்றாள் சஸ்மிதா.

"நீ கேக்கல. கல்லுன்னு சொன்னா சிரிப்பாங்கன்னு நானும் சொல்லல."

ஊரிலிருக்கும் தம்பிக்கு அங்கேயே வீடியோ கால் போட்டார். தம்பி போனோடு வயல் வழியாக நடந்தார். ஒரு வேப்பமரம் தெரிந்தது. அடியில் குங்குமம் அப்பிய கல். சுற்றிலும் வரிசை வரிசையாகச் சுட்டமண் குதிரைகள். சிலதுக்குக் கால் இல்லை, சிலது கவிழ்ந்து கிடந்தது. நாங்கள் எல்லோரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். அச்சு அசல் எங்கள் பக்கத்துச் சாஸ்தா கோயில்! எனக்குப் புல்லரித்துப் போனது.

இசக்கியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டது. "ஏயப்பா, இது எங்க சாமில்லா!" என்றது. அப்புறம் அதன் முகத்தில் சிரிப்பு அப்படியே வற்றிப்போனதை நான் பார்த்தேன்.

"பஞ்ச காலத்துல எங்க வகையறாவுல ஒரு வீடு ஆட்டப் பத்திக்கிட்டு வடக்க போச்சு. சாஸ்தா கோயில்ல பிடிமண்ணு எடுத்துக்கிட்டுத்தான் போச்சு. திரும்பி வரவே இல்ல." பிடிமண் என்றால் மூலக் கோயிலிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துப் போய்ப் புது ஊரில் சாமியை நிறுத்துவது. "அந்த மண்ணுதான் இது. அப்பம் இவிய நமக்குப் பங்காளி. இந்தப் பிள்ள ஒனக்குத் தங்கச்சி முறைலே!"

"யம்மா, அது எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம். ஆயிரம் மைலும்மா!"

"ஆட்டுக்கு மைலு தெரியுமாலே?"

மல்லிகைச் சரத்தைக் கவரில் போட்டு முடிந்துகொண்டு அந்த அம்மா எழுந்துவிட்டது. போகும்போது சஸ்மிதாவின் தலையைத் தடவி, "வருத்தப்படாத தாயி, நீ எங்க வீட்டுப் பிள்ள" என்று கண்கலங்கச் சொல்லிவிட்டு வேறு போனது. அதுதான் எனக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் பிளாட்டில் சஸ்மிதா வண்டியைத் தொடவே இல்லை. மஞ்சள் கல்லில் உட்கார்ந்துகொண்டு சிரித்தாள், அப்படியே அழுதாள். "சின்னதுலேருந்து நீயும் நாங்களும் ஒண்ணுன்னு ஒருத்தராச்சும் சொல்ல மாட்டாவளான்னு கெடந்தேங்க்கா. இப்பப் போயி சொல்லுதாவ."

"அப்ப போயி நாங்க வேற ஆளுன்னு சொல்லுட்டி!" என்று நான் கத்தினேன்.

"எப்படிக்கா சொல்ல? எங்கிட்ட என்ன வேறயா இருக்கு?"

சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு ஆகாது. அந்த ஞாயிற்றுக்கிழமையே அவளையும் அப்பா அம்மாவையும் பஸ்ஸில் ஏற்றி எப்போதும்வென்றானுக்குக் கூட்டிப்போனேன். அவர்கள் வீட்டை ஒட்டி, மக்காச்சோளம் அறுத்த காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்தது. இசக்கியம்மாள் எங்களுக்கு மோர் கொடுத்து, வேலாமர நிழலில் சாக்கு விரித்து உட்கார வைத்தது. உபசாரத்துக்கு ஒரு குறையும் இல்லை. பேச்சில் மட்டும் பிடி கொடுக்கவில்லை.

"எங்க சாமி பொம்பள," என்றார் கைலாஷ்.

"எங்க சாஸ்தா பக்கத்துல பேச்சியம்மனும் இருக்காளே அண்ணாச்சி."

"நாங்க வேற ஆளு. நான் ஒடியா." பாவம், இத்தனை வருஷம் நாங்களும் இந்த ஊர்க்காரர்கள்தான் என்று காட்டப் பாடுபட்ட மனிதர், இப்போது நெஞ்சில் கைவைத்து அந்நியன் என்று மன்றாடினார். செல்வகணேஷ் ஆட்டுக்குட்டி ஒன்றின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்கு அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

இசக்கியம்மாள் மோர்ச் செம்பைக் கீழே வைத்தது. "சரி. எங்க சாஸ்தாவுக்குத் தமிழத் தவிர வேற பாசை தெரியாது. ஒங்க சாமி வேறன்னா அதுக்கு ஒங்க பாசைதான் தெரியும். போனப் போடுங்க. இந்தப் பிள்ள அவ வாயால, அவ பாசையில உத்தரவு கேக்கட்டும். நான் காதால கேட்டுட்டா ஒத்துக்கிடுதேன்."

நான் சஸ்மிதாவைப் பார்த்தேன். ஆறு வயதுக்கு அப்புறம் அந்தப் பாஷை அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை.

போனில் மறுபடியும் அந்த மரமும் குதிரைகளும் வந்தன. கைலாஷ் போனை மகள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அவள் அம்மாவைப் பார்த்தாள். மினதி வாய்க்குள்ளேயே ஏதோ எடுத்துக்கொடுக்கப் பார்த்தார். "நீங்க சொல்லாதிய மதினி, அவ சொல்லட்டும்" என்று இசக்கியம்மாள் தடுத்துவிட்டது.

கடைசியில் சஸ்மிதா பேசினாள். அதட்டுகிற அந்தக் குரல் இல்லை அது. சின்னப் பிள்ளையின் மெல்லிசான, இழுத்து இழுத்துப் பேசுகிற குரல். அவள் பாஷை அவள் நிறுத்திய வயதிலேயே நின்றிருக்கிறது.

"மா, மு கேளிபாகு ஜிபி?"

கைலாஷ் முகத்தை ஆட்டுக்கிடைப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"என்ன கேட்டா அண்ணாச்சி?" என்றது இசக்கியம்மாள்.

அவர் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "கல்யாணத்துக்கு வார்த்த அதுக்குத் தெரியாது. விளையாடப் போகட்டுமான்னு கேக்குது. சின்னப் பிள்ளையில வாசல்ல நின்னு கேக்கும்."

நான் அழுதேன். வெட்கமில்லாமல், மூக்கைச் சிந்தி அழுதேன். போனுக்குள் கல் பேசாமல் இருந்தது. எல்லோரும் உத்தரவுக்குக் காத்துக்கொண்டிருந்தபோது மினதிதான் தாங்கமாட்டாமல் மகளின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ஜா மா, ஜா."

"ஒங்கம்மா என்னட்டி சொல்லுதாவ?" என்றது இசக்கியம்மாள்.

"போகச் சொல்லுதாவ, அத்த."

இசக்கியம்மாள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குள் போய், சாமிக்கு வாங்கி வைத்திருந்த புதுப் பூக்கவரை எடுத்து வந்து, அவளைத் திரும்பி உட்காரச் சொன்னது.