சிவகொழுந்து கேட்ட தண்ணீர்

வேலை கேட்டு ஒரு வீட்டுக்குப் போனால் சிவகொழுந்து சம்பளப் பேச்சை எடுக்கமாட்டாள். முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பாள். அது எதில் வருகிறது என்று பார்ப்பாள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். கடைசியாக வேலை பார்த்த புஜைரா வீட்டில் அவளுக்கென்று ஒரு பிளாஸ்டிக் டம்ளர், வாஷிங் மெஷின் மேல் தனியாக இருக்கும். அந்த வீட்டுக்கு மூன்று வேளையும் சமைத்தவள் அவள்தான். ஒருநாள் "கலாஸ்", முடிந்தது என்று அரபியில் சொல்லிவிட்டு துபாய் தேராவில் என் ரூமுக்கு வந்துவிட்டாள். விசா கேன்சல் ஆனது. அடுத்த வாரத்துக்குள் விசா எடுத்துத் தரும் புது கஃபீல் கிடைக்காவிட்டால் ஊருக்குப் போக வேண்டியதுதான். கண்டியில் நர்ஸிங் படிக்கும் மகள் லக்சிகாவின் படிப்பும் அதோடு நின்றுபோகும்.

நான் ஒரு மசாலாக் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவள். நாயாய் அலைந்து, எங்கள் மேனேஜரின் மனைவி பிரபாவதியிடம் பேசி வைத்தேன். "இன்னைக்கு மட்டும் தண்ணி கேக்காதக்கா, புண்ணியமாப் போகும்" என்று அவர் வீட்டுக்கு ஏறும் லிஃப்டில் கெஞ்சினேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவளிடம் சொல்லி என்ன பயன்? உட்கார்ந்ததும் கேட்டாள்.

எனக்குக் கண்ணாடி கிளாஸில் ஜூஸ் வந்தது. அவளுக்குக் காகிதக் கப்பில் தண்ணீர்.

"எனக்கு மட்டும் ஏன் மேடம் பேப்பர் கப்பு?"

"ஒரு சுத்தத்துக்குத்தான். தப்பா எடுத்துக்காத" என்றார் பிரபாவதி.

"நா ஆக்குற சோறு ஒங்க வயித்துக்குள்ள போகும். என் வாய் பட்ட கிளாஸ் மட்டும் ஆகாதா?"

சிவகொழுந்து குரலை உயர்த்தவில்லை. கப்பை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். எனக்கு அவளை அங்கேயே அறையலாம் போலிருந்தது. கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

வாசலில் அவள் செருப்பை மாட்டும்போது பிரபாவதி "இரு" என்றார். முகம் கறுத்திருந்தது. உள்ளே போய், எனக்குத் தந்தது மாதிரியே ஒரு கண்ணாடி கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

அடுத்தவர் வீட்டில் அண்ணாந்து குடிப்பதுதான் நம் பழக்கம். சிவகொழுந்தும் அப்படிக் குடிப்பவள்தான். அன்று உதட்டை நன்றாக வைத்து, நிதானமாக, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். காலி கிளாஸைப் பிரபாவதியின் கையிலேயே கொடுத்தாள்.

"இன்னைக்கி மட்டும் நீங்க கழுவி வைங்க மேடம். நாளையிலருந்து நா கழுவுறேன்."