பாட்டு இரண்டு தடவை, ஆட்டம் ஒரு தடவை

வீட்டில் அவளை நண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். நேராக நடக்கப் பழகுமுன்பே பக்கவாட்டில் ஆடப் பழகியவள். இப்போது நாற்பதை நெருங்குகிறாள். கண்ணாடிக் கடையில், வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் ஏற்றபடி பிரேமை வளைத்துக் கொடுப்பது அவள் வேலை. நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள். அப்படிப்பட்டவள் அந்தத் திங்கட்கிழமை வாய் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

ஒரு காலத்தில் டிவியில் ஆடிப் பாடி எல்லோரையும் ஆடவைத்த பாப் பாடகர் ஒருவர் இறந்துபோன செய்தி வந்திருந்தது. சனிக்கிழமை காலை, கடைகளுக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் அவருடைய பேர்பெற்ற ஒரு பாட்டுக்குக் கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அவரைப் போலவே ஆடுவது என்று முடிவாயிற்று.

"யாருக்காவது முழு ஆட்டமும் தெரியுமா?" என்றார் அவள் கடையில் லென்ஸ் வெட்டுபவர்.

"எனக்குத் தெரியும். சின்ன வயசுல எங்க வீட்ல ஆடுவோம்."

"நீயா? வர்றதும் தெரியாம போறதும் தெரியாம இருக்கிற ஆளு! சரி, முன்னாடி நின்னு ஆடிக் காட்டு. பார்க்கத்தானே போறோம்."

அவள் சொன்னது பொய்யில்லை. அப்பாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. காலையில் வந்து, டிவி இருந்த ஒரே அறையில்தான் படுப்பார். பள்ளி விடுமுறை நாளில் அந்தப் பாட்டு டிவியில் வரும்போது, அவர் விழித்துவிடக்கூடாது என்று அம்மா சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுவாள். மற்ற நாட்களில் டிவி போடாமலே ஆட்டம். அம்மா விரலை மடக்கி மடக்கித் தாளம் எண்ணுவாள். நண்டும் அண்ணனும் ஆடுவார்கள். குதிகால் தரையில் படக்கூடாது. குதித்தால் பூனை குதித்த மாதிரி இருக்கவேண்டும். சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடு. அண்ணன் தலையணை நுனியைக் கடித்துக்கொண்டே ஆடுவான்.

செவ்வாய்க்கிழமை மாலை ஒத்திகைக்கு அண்ணன் வந்தான். அம்மாவும் அப்பாவும் நண்டோடுதான் இருக்கிறார்கள். கைபேசியில் பாட்டைச் சத்தமாக வைத்து நண்டும் அண்ணனும் அம்மாவும் ஆடத் தொடங்கினார்கள். இவர்கள் தோளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் பாட்டு எங்கேயோ போய்விட்டது. பாதி ஆட்டத்தில் பாட்டே முடிந்துவிட்டது.

"என்னடி இது, நாய் துரத்தின மாதிரி ஓடுது!" என்றாள் அம்மா.

"நீ எண்ணினதுதான் தப்பு," என்றான் அண்ணன்.

"நான் என்னடா தப்பா எண்ணினேன்? சத்தமில்லாம கால் வைக்கணும்னா அவ்வளவு நேரம் ஆகும். வேகமா எண்ணியிருந்தா உங்கப்பா முழிச்சிருப்பாரு."

நாற்காலியில் இருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். "நான் தூங்கும்போது இவ்வளவு கூத்து நடந்துச்சா? என்கிட்ட ஒருத்தர்கூடச் சொல்லலையே!"

நண்டு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "சனிக்கிழமை என் மானம் கப்பலேறப் போகுதுப்பா. பீத்திக்கிட்டேன்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க."

"அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடு."

போட்டாள். அப்பா நாற்காலிக் கையில் தட்டினார். ஒரு தாளம் விட்டு ஒரு தாளம்.

"ஃபேக்டரியில ராத்திரி பூரா ரேடியோ பாடும். இந்தப் பாட்டு வேகத்துக்கு மாவு உருட்டினா கை கழண்டுடும். அதனால ரெண்டு தாளத்துக்கு ஒரு உருட்டு. இப்ப ஆடுங்க."

ஆடினார்கள். தோள் ஏறியதும் தாளம் விழுந்ததும் கச்சிதமாக ஒன்றாக அமைந்தன. ஆனால் மறுபடியும் பாதியில் பாட்டு முடிந்தது.

"பாதி ஆட்டம் மிச்சம் இருக்கேப்பா!"

"அதுக்கென்ன? ரெண்டு தடவை போடு."

சனிக்கிழமை அப்படியே போட்டார்கள். நண்டு முன்னால் நின்றாள். பக்கத்தில் அண்ணனும் அம்மாவும். அப்பா தானாகவே பின்னால் போய் நின்றுகொண்டு, முன்னால் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து ஆடினார். முழங்கால் வலிக்காரர்கள்கூட, "இவ்வளவு நிதானமா இருந்தா நமக்கும் வருமே," என்று வரிசையில் சேர்ந்தார்கள்.

லென்ஸ் வெட்டுபவர் மட்டும் ஓரமாகக் கை கட்டி நின்றார். "டிவில அவர் இப்படி ஆடலையேம்மா!"

"இல்லைதான். எங்க வீட்ல இப்படித்தான் ஆடினோம்," என்றாள் நண்டு, ஆட்டத்தை நிறுத்தாமல்.

இரண்டாவது தடவை பாட்டுத் தொடங்கியபோது அவர் கட்டிய கையை அவிழ்த்தார். "முதல்ல வலது தோளா, இடது தோளா?"

"அப்பா பக்கத்துல போய் நில்லுங்க," என்றாள் அவள். "அவரும் இன்னிக்குத்தான் கத்துக்கிறாரு."