கலியாணத்துக்குப் பின்னால் வந்த படகுக்காரி

பாரிஸ் லா ஷப்பலில் முதன்முதல் தமிழ் வீடியோக் கடை போட்டவன் நான்தான். இதே கதையை வேறு இரண்டு பேரும் சொல்லித் திரிகிறார்கள். ஒருவர் எனக்குப் பிறகு திறந்தவர். மற்றவர் என் கடையில் அலுமாரி துடைத்தவர். அவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிரெஞ்சில் ஒரு கடிதம் வந்தால் இன்றைக்கும் மகளிடம்தான் நீட்டுகிறேன். ஆனால் றெஸ்ரோறண்டில் கோப்பை கழுவிய இந்தக் கையால்தான் கடை எடுத்தேன். ஒரு சுவர் முழுக்கக் கசற் அடுக்கினேன். சனிக்கிழமை பின்னேரங்களில் புறநகரில் திரான்சியிலிருந்தும் பியர்ஃபித்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். மேலே மெற்றோ கடகடவென்று போகும், கீழே என் கடை வாசலில் சனம் நிற்கும். அந்தக் காட்சியை இப்போது யாருக்குச் சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள்.

கடையில் ஒரு சட்டம் வைத்திருந்தேன். படம் பார்த்து முடித்தால் கசற்றுக்குள் இருக்கிற ரேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றித்தான் திருப்பித் தர வேண்டும். சுற்றாமல் கொண்டு வந்தவரை அங்கேயே நிறுத்தி, எல்லார் முன்னிலையிலும் சுற்ற வைப்பேன். பெரிய மனிதர், சின்ன மனிதர் என்று பார்த்ததில்லை. அந்தச் சட்டத்தைக் கடைசிவரை மதிக்காத ஆள் ஒன்றே ஒன்று. என் மனிசி.

எங்கள் கலியாணம் பாரிசில்தான் நடந்தது. அவளுடைய தாய் தகப்பனும் என் அம்மாவும் ஊரில். வர வழியில்லாத காலம். அவர்கள் பார்ப்பதற்கென்று ஒரு சிநேகிதனைக் கொண்டு எல்லாவற்றையும் படம் பிடித்தோம். வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டவன் நான். இரண்டு வீடியோ டெக்கை வயரால் பொருத்தி, ஒன்றில் ஓட விட்டு மற்றதில் பதிவது. ஊருக்கு அனுப்பிய கொப்பியைப் புதுக் கசற்றில் பதிந்தேன். எங்களுக்கு வைத்துக்கொள்ளக் கடையில் கிடந்த ஒன்றை எடுத்தேன்.

அது ஹிந்திக் கசற். பக்கத்துத் தெருவில் கடை வைத்திருந்த ஒரு குஜராத்தி கடையை மூடும்போது ஒரு பெட்டி நிறையத் தந்துவிட்டுப் போனார். எங்கள் ஆட்கள் ஒருவரும் அவற்றைக் கேட்டதில்லை. எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து ஒட்டியிருந்தால் அது வெறுங்கசற், இதுதான் என் வழக்கம். கசற்றின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்ரிக் பல் இருக்கும். அழியக் கூடாது என்று நினைக்கிறவர்கள் அதை உடைத்து விடுவார்கள், பிறகு அதன்மேல் பதிய முடியாது. அந்த ஓட்டைக்கு மேல் ஒரு துண்டு செலோரேப் ஒட்டினால் டெக் ஏமாந்துவிடும். லா ஷப்பலில் எல்லாருக்கும் இந்த வித்தையைக் காட்டிக் கொடுத்தவனும் நான்தான். அந்த ஹிந்திக் கசற்றில் யாரோ பல்லை உடைத்துத்தான் வைத்திருந்தார்கள். நான் செலோரேப் ஒட்டினேன்.

கசற் மூன்று மணி நேரம் ஓடும். எங்கள் கலியாணம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. படமெடுத்து, ஆரத்தி எடுத்து, சாப்பாடு முடிந்து, சனம் குளிர்க் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போகும். பிறகு கொஞ்ச நேரம் இரைச்சல். அதற்குப் பிறகு திடீரென்று கறுப்பு வெள்ளையில் ஒரு ஆறு வரும். ஒரு பெண் மடியில் லாந்தர் வைத்துக்கொண்டு படகில் இருப்பாள். நான் அழிக்காமல் விட்ட வால் அது.

மனிசிக்கு அந்த வால்தான் விருப்பம்.

ஒவ்வொரு கலியாண நாளுக்கும் கசற்றைப் போடுவோம். நான் என் பட்டு வேட்டியையும் மீசையையும் பார்த்துவிட்டு, சனம் கோட்டை மாட்டுகிற இடத்தில் எழும்பிவிடுவேன்.

“இஞ்சருங்கோ, இருங்கோவன். இனித்தான் நல்ல இடம் வரப்போகுது.”

“ஹிந்தி எனக்கு விளங்காது. உமக்கு மட்டும் விளங்குதோ?”

“விளங்க வேணும் எண்டு ஆர் சொன்னது? உங்கடை கலியாணம் முடிஞ்சுது, நீங்கள் போங்கோ. என்ரை கலியாணம் இன்னும் முடியேல்லை.”

அவள் கடைசிவரை இருந்து பார்ப்பாள். பார்த்து முடித்துப் பொத்தானை அழுத்தி அந்தப்படியே விட்டுவிடுவாள். சுற்ற மாட்டாள். காரணம் இருந்தது. முதல் வருடம் நான் படத்தை ஓட விட்டபடியே பின்னுக்குச் சுற்றினேன். சனம் பின்பக்கமாக நடந்து மண்டபத்துக்குள் வந்தது. சாப்பாடு வாயிலிருந்து இலைக்கு வந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு தாலி கட்டுகிற இடம் வந்தது. திரையில் நான் குனிந்து, அவளுடைய கழுத்திலிருந்து தாலியைக் கழற்றி எடுத்தேன்.

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரி கதவைத் தட்டினாள்.

“நிப்பாட்டுங்கோ! விசரே உங்களுக்கு? கலியாணத்தை ஆரும் பின்னாலை ஓட்டுவினமே?”

அன்றைக்கு வைத்தது அவளுடைய சட்டம். அந்தக் கசற்றை வீட்டில் ஒருவரும் பின்னுக்குச் சுற்றக் கூடாது. அடுத்த கலியாண நாள் வரும்போது, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, ரீவியை நிறுத்தி வைத்து, நான் களவாகச் சுற்றுவேன். அவளுக்கு அது தெரியும். தெரியாத மாதிரி வந்து இருப்பாள்.

அந்தப் படகுக்காரி பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. அதைத்தான் மனிசி அடுப்படியில் முணுமுணுப்பாள். சொல் ஒன்றும் இல்லை, ராகம் மட்டும். வெங்காயம் வெட்டும்போது, பிள்ளைக்குச் சீப்பால் தலை இழுக்கும்போது, எங்கள் லெ பிளாங்-மெனில் வீட்டு யன்னலில் துணி காயப் போடும்போது. வருடக்கணக்காக என் காதுக்குப் பின்னால் அது ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஒருநாளும் நின்று கேட்டதில்லை. தண்ணீர்க் குழாய்ச் சத்தத்தை யார் நின்று கேட்கிறார்கள்?

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் காலையில் அவள் கசற்றைப் போட்டுப் பார்த்தாள். நான் களவாகச் சுற்றி வைத்திருந்ததை முன்னுக்கு ஓட்டி, நேராக வாலில் இருந்து. அம்புலன்ஸ் வந்து மணி அடித்தது. அவள் பொத்தானை அழுத்திவிட்டுச் சொன்னாள்: “கொஞ்சம்தான் கிடக்கு. வந்து மிச்சத்தைப் பாப்பம்.”

வரவில்லை.

ஆறு வருடமாகக் கசற் டெக்குக்குள்ளேயே கிடந்தது. நான் வெளியே எடுக்கவில்லை, ஓட விடவும் இல்லை. அவளுடைய விரல் நிறுத்திய இடம் அது. ஆனால் அந்த ஆறு வருடத்தில் பாட்டு என்னை விட்டுப் போய்விட்டது. ஒருநாள் பருப்பு வைத்துக்கொண்டு நின்றபோது அதை முணுமுணுக்கப் பார்த்தேன். வரவில்லை. வேறு ஏதோ ஒரு படப் பாட்டுத்தான் வந்தது. கலியாணக் கசற்றில் அவளுடைய குரலும் கிடையாது. நான்தான் கெட்டித்தனமாக முழுதுக்கும் சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிட்டேனே. மகளிடம் கேட்டேன், அம்மா என்னத்தை முணுமுணுப்பா என்று. “Je sais pas, Papa,” என்றாள், தெரியாதாம். பிறகு அவளும் யோசித்தாள். அவளுக்கும் வரவில்லை.

போன வசந்த காலத்தில் ஒரு பிரெஞ்சுப் பெண் லா ஷப்பலுக்கு வந்தாள். திரைப்படக் காப்பகம் ஒன்றில் வேலை. காணாமல் போன பழைய ஹிந்திப் படங்களைத் தேடுகிறாள். ஆரம்ப காலத்துப் படங்களின் சுருள்கள் எரிந்தும் உக்கியும் போய்விட்டன, ஆனால் எங்காவது ஒரு வீடியோக் கசற்றில் ஒரு கொப்பி தப்பிக் கிடக்கலாம் என்று கடை கடையாக விசாரித்திருக்கிறாள். எல்லாரும் என்னைத்தான் கை காட்டியிருக்கிறார்கள். காட்டாமல் வேறு யாரைக் காட்டுவது?

நான் வழக்கமாகத் தேத்தண்ணி குடிக்கிற கடையில் என் முன்னால் வந்து இருந்தாள். கையில் பழைய பாட்டுப் புத்தகப் படங்கள். ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

“இது இருந்தது,” என்றேன். “இதுவும் இருந்தது. இது இரண்டு கொப்பி இருந்தது.”

கல்லாவில் இருந்த கடைக்காரர் சிரித்தார். “அண்ணை, ஈபிள் கோபுரத்தின்ரை படத்தைக் காட்டினாலும் நான்தான் நட்டது எண்டு சொல்லுவியள்.”

“நீ தேத்தண்ணியை ஊத்து.”

அடுத்த படத்தை அவள் மேசையில் வைத்தாள். படகு. மடியில் லாந்தர். அந்த முகம்.

தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டேன்.

“இதுவும் இருந்ததா?” என்று அவள் கேட்டாள். அவளுடைய வாயோரத்தில் ஒரு சிரிப்பு. அதுவரை நான் விட்ட புளுகுக்கு அது நியாயம்தான்.

“இது இருக்கிறது,” என்றேன்.

அவள் நம்பவில்லை. கடைக்காரரும் நம்பவில்லை. அந்தப் படத்தில் ஒரு அடி சுருள் கூட உலகத்தில் எங்கேயும் இல்லை, பார்த்தவர்கள் எழுதி வைத்தது மட்டும்தான் மிச்சம் என்று அவள் சொன்னாள். என் வீட்டில் இருக்கிறது என்றேன். முழுப் படமுமா என்று கேட்டாள்.

“கடைசித் துண்டு.”

“அதற்கு முன்னுக்கு என்ன இருக்கிறது?”

“என் கலியாணம்.”

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியபோது அவளுடைய முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம். உலகத்தில் அந்தப் படத்துக்கு மிச்சமிருந்த ஒரே கொப்பியின்மேல் செலோரேப் ஒட்டி, என் மீசையைப் பதிந்தவன் நான்.

கசற்றைக் கொடுப்பதா விடுவதா என்று இரண்டு கிழமை யோசித்தேன். பழைய ரேப். ஒட்டிப் பிடித்திருந்தால் முதல் ஓட்டத்திலேயே அறுந்துவிடும். அறுந்தால் பாட்டும் இல்லை, அவளுடைய விரல் நிறுத்திய இடமும் இல்லை. கொடுக்காமல் வைத்திருந்தால் இடம் இருக்கும், பாட்டு இல்லை. மகள் ஃபோனில் சொன்னாள்: “அப்பா, அம்மா மிச்சத்தைப் பாப்பம் எண்டுதானே சொன்னவா?” இதை அவள் தமிழில் சொன்னாள். அதனால் எனக்கு மறுக்க முடியவில்லை.

கசற்றை வெளியே எடுக்க மனம் வரவில்லை. டெக்கோடு சேர்த்து மரக்கறி வாங்குகிற தள்ளுவண்டியில் வைத்து, மேலே அவளுடைய சால்வையைப் போட்டு மூடி, ரெயிலில் கொண்டு போனேன்.

காப்பகத்தில் மெஷின் ஓட்டுகிற, என் வயதுக்குக் கிட்டிய ஒரு ரெக்னீசியன் இருந்தார். வழக்கப்படி முதலில் ரேப் முழுவதையும் தொடக்கத்துக்குச் சுற்றி, பிறகு ஓட விடுவோம் என்றார்.

“முடியாது,” என்றேன். “கலியாணத்துக்குள் போகக் கூடாது.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் என் பிரெஞ்சில் சொன்னேன்: பின்னுக்குச் சுற்றினால் தாலி கழன்றுவிடும். மனிசிக்குப் பிடிக்காது. தாலி என்றால் என்ன என்று அவர் கேட்டார். கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் தன்னுடைய மோதிரத்தைப் பார்த்தார். சரியென்று தலையாட்டினார். ஆனால் எந்த இடத்தில் நிறுத்துவது என்று எப்படித் தெரியும் என்றார்.

அது எனக்குத் தெரியும். எத்தனை ஆயிரம் கசற் இந்தக் கையால் போயிருக்கிறது! டெக்கிலிருந்து கசற்றை நானே எடுத்தேன். சுருளின் தடிப்பைக் கசற்றின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். விரலைக் கொடுத்து மெல்ல மெல்லச் சுற்றினேன். இரண்டு இடத்தில் பிடித்தது. நின்று, தளர்த்தி, மறுபடி சுற்றினேன். போதும் என்று விரல் சொன்ன இடத்தில் நிறுத்திக் கொடுத்தேன். அவர் தன் மெஷினில் போட்டு ஓட விட்டார். சனம் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தது. கடைசி ஆளாக என் மனிசி வாசலில் நின்று, யாருக்கோ கை காட்டிவிட்டு, உள்ளே திரும்பினாள். இரைச்சல். பிறகு ஆறு.

இது சும்மா பெருமைக்குச் சொல்வதில்லை. அந்த ரெக்னீசியன் எழும்பி என்னுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

முதன்முறையாக அந்த வாலை இருந்து பார்த்தேன். ஹிந்தி விளங்கவில்லை. விளங்க வேண்டியதும் இல்லை. அந்தப் பெண்ணை யாரோ கரையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் படகில் ஏறி, லாந்தரை மடியில் வைத்துக்கொண்டு பாடத் தொடங்கினாள். பாட்டு வந்தது. அடுப்படி வந்தது. வெங்காயம், யன்னல், ஈரத்துணி எல்லாம் வந்தன.

இரண்டாவது வரியில் ஒரு இடத்தில் படகுக்காரியின் குரல் மேலே போனது. எனக்கு என்னவோ பிழைத்த மாதிரி இருந்தது. திரும்ப அந்த வரி வந்தது, திரும்பவும் மேலே போனது. அப்போது என் வாயிலிருந்து தானாக ஒன்று வந்தது. அதே இடத்தில் கீழே இறங்கி, கொஞ்சம் நின்று, பக்கவாட்டில் திரும்புகிற ஒன்று. அடுப்படியில் அவள் அப்படித்தான் இறங்குவாள். ஆறு வருடமாகத் தேடியது.

“உஷ்,” என்றார் ரெக்னீசியன். நான் வாயை மூடவில்லை.

அவள் நிறுத்திய இடமும் கடந்து போனது. எது அந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை. படகு ஒரு வளைவில் திரும்பியது. அந்தப் பெண் லாந்தரை முகத்துக்கு நேரே தூக்கி, ஊதி அணைக்க வாயைக் குவித்தாள். அவ்வளவுதான். ரேப் முடிந்தது. அணைத்தாளா இல்லையா என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

காப்பகப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காப்பகத்துக்கென்று கசற்றை நான் உறையில் போட்டுக் கொடுக்கும்போது, தொடக்கத்துக்குச் சுற்றித் தரட்டுமா என்று சும்மா கேட்டேன், பழக்க தோசம். வேண்டாம் என்றார் ரெக்னீசியன். ஓடி முடிந்த இடத்திலேயே விட்டு வைத்தால்தான் ரேப் நல்லது, இங்கே ஒன்றையும் சுற்றி வைப்பதில்லை என்றார். என் கடையில் எல்லார் முன்னிலையிலும் நிற்க வைத்த சனத்தை நினைத்துக்கொண்டேன். மனிசியையும்.

போகும்போது அந்தப் பெண் கேட்டாள், பாட்டு எப்படி இருந்தது என்று.

“நல்ல பாட்டு,” என்றேன். “ஆனால் இரண்டாவது வரியில் அந்த இடத்தில் கீழே இறங்க வேண்டும். படத்தில் பாடினவ பிழையாகப் பாடியிருக்கிறா. இதையும் உங்கள் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கோ.”

அவள் சிரித்தாள். எழுதினாளோ தெரியாது. நான் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு ரெயில் வரைக்கும் அந்த வரியையே முணுமுணுத்தபடி போனேன், எங்கேயாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில்.