முடிச்சு விழுந்த வேர்கள்

பேய், பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் கதிரையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்காருகிற ஆள் நான். திருகோணமலையில் விவசாயப் போதனாசிரியராகப் பன்னிரண்டு வருட வேலை. மரம் பட்டுப்போனால் ஒன்றில் பூஞ்சணம், ஒன்றில் கறையான், இல்லாவிட்டால் தண்ணீர்க் குறை. நாலாவதாகவும் ஒன்று இருக்கும் என்று அன்றுவரை நினைத்ததில்லை. நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, சிரிக்காமல் கேளுங்கள்.

கப்பல்துறையில் இராசமலர் அக்காவின் காணி, மூன்று ஏக்கர், பாதி காடு. நான் போனபோது பதினொரு மரம் பட்டு நின்றது, வேம்பு, பாலை, புளி என்று எல்லாம் கலந்து. அதுதான் முதலில் இடித்தது, ஏனென்றால் ஒரே நோய் இத்தனை சாதி மரத்தைச் சேர்த்துக் கொல்லாது. பக்கத்தில் வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றனவே, கசிந்திருக்கும் என்று மண்ணைக் கிண்டி மணந்து பார்த்தேன். வெறும் மண் வாசம்.

"மற்றதுகள் போனால் போகட்டும் மிஸ், இந்த வேம்பை மட்டும் காப்பாத்தித் தாங்கோ" என்று வாசலுக்கு நேரே நின்ற மரத்தைக் காட்டினார் அக்கா. கிளையில் மஞ்சள் துணி ஒன்று முடிச்சிட்டுக் கட்டியிருந்தது. இந்த வருடம் கப்பலில் வேலைக்குப் போன ஒரே மகனுக்காக அவர் வைத்த நேர்த்திக்கடன். மகன் சுகமாக வந்து சேர்ந்ததும் அக்காவே தன் கையால் அவிழ்க்க வேண்டும். அந்த மரமும் உச்சியிலிருந்து சருகாகத் தொடங்கியிருந்தது.

"பட்ட மரங்களிலயும் துணி இருந்ததோ அக்கா?" சும்மாதான் கேட்டேன்.

"ஓம் மிஸ். சண்டைக் காலத்தில இஞ்ச வந்திருந்த சனம், காணாமப் போன ஆக்களுக்காகக் கட்டினது. போன வருசம் காணி துப்பரவாக்கேக்க எங்கட மனுசன் எல்லாத்தையும் கத்தியால வெட்டி எரிச்சுப்போட்டார். அவிழ்க்கலாம், வெட்டக்கூடாது எண்டு சொன்னனான். கேக்கேல்ல."

எனக்குள் சிரித்துக்கொண்டேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அக்கா தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனார். உச்சி வெயில், ஒரு காகம்கூடக் கத்தவில்லை. பட்ட புளியின் அடியைத் தோண்டினேன். நூற்புழு பிடித்தால் வேர் கட்டி கட்டியாக வீங்கும், அது எனக்குத் தெரியும். இது அதுவல்ல. விரல் தடிப்பான வேர், துணியை முடிச்சுப் போடுவதுபோல இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி, இறுகி முடிச்சாகியிருந்தது. அடுத்த பாலையிலும் அப்படியே. அதற்கடுத்த வேம்பிலும். பேசாமல் எழும்பி வந்திருக்கலாம், ஆனால் அந்தத் தாய் கேட்டது காதிலேயே நின்றது, கடைசியாக வாசல் வேம்பின் அடியையும் தோண்டினேன்.

அங்கே முடிச்சு புதிதாக, ஈரமாக, தளர்வாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல இறுகியது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கண்ணால் பார்த்தேன். பயத்தில் எனக்கு அவிழ்க்கத் தோன்றவில்லை. பன்னிரண்டு வருடப் பழக்கம், கத்தியை எடுத்து முடிச்சோடு வெட்டிவிட்டேன். மிச்ச வேர் புழுப்போலச் சரசரவென்று மண்ணுக்குள் இழுபட்டுப் போனது. அவசர அவசரமாக மண்ணை மூடினேன்.

தேத்தண்ணியோடு வந்த அக்காவிடம், "பயப்பிடாதேங்கோ, இந்த மரம் தப்பும்" என்று மட்டும் சொன்னேன். வெட்டிய துண்டை ஆய்வுக்கு அனுப்பினேன். நோய் எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

மரம் உண்மையாகவே தப்பிவிட்டது. பத்தே நாளில் துளிர் விட்டது. மகனைத்தான் காணவில்லை. நான் அங்கே நின்ற அந்த மத்தியானம் சாப்பாட்டுக்கு வராதவனைக் கப்பல் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை என்று அறிவித்திருக்கிறார்கள். அழுதபடிதான் போனில் சொன்னார் அக்கா. பிறகு தானே மனதைத் தேற்றிக்கொண்டு, "மரம் துளிர்த்து நிக்குது மிஸ், பிள்ளை எங்கயோ உயிரோடதான் இருக்கிறான். நீங்கள் செய்த புண்ணியம்" என்றார்.

இப்போதும் அடிக்கடி போன் எடுத்துக் கும்பிடாத குறையாக நன்றி சொல்கிறார். மண்ணுக்குள் நான் எதை வெட்டினேன் என்று இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.