இறக்கத்தில் அணைத்த இன்ஜின்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மாசி மாதக் கடைசி. ஜவ்வாது மலையில் புளி உலுக்குகிற காலம். புதூர்நாட்டுப் பக்கம் எங்கள் ஊரில் எந்தத் திசையில் திரும்பினாலும் ஒரு மரம் குலுங்கிக்கொண்டிருக்கும், கீழே விரித்த தார்ப்பாயில் பழம் சடசடவென்று விழுந்துகொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. மற்ற மாதங்களிலும் முடியாது என்பாள் என் மனைவி.

அவள் மலையிலேயே பிறந்தவள், கிராமச் செவிலியர். காட்டுப் பாதையில் ஸ்கூட்டி சறுக்கி விழுந்ததில் முழங்கால் போய், கட்டுப் போட்டு, அப்போதுதான் தேறி வந்திருந்தாள். இனி இரண்டு சக்கர வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் போகவேண்டிய கிராமங்களுக்குப் பஸ் கிடையாது. ஜீப் இருக்கிறது, ஆனால் அது ஆள் நிறைந்தால்தான் கிளம்பும், பிரசவ வலி அதற்காகக் காத்திருக்காது. மழைக்காலத்துக்குள் அவளுக்காக நான் ஓட்ட ஒரு கார் வாங்க வேண்டும், இல்லையென்றால் கீழே சமவெளிக்கு மாற்றல் கேட்க வேண்டும். அவளுக்கு மலையை விட்டு இறங்குவது என்றால் தோலை உரித்துப் போட்டுவிட்டுப் போவது மாதிரி.

எனக்கு அப்படி இல்லை. நான் அடிவாரத்து ஊர்க்காரன், கல்யாணத்துக்குப் பிறகு மேலே ஏறியவன். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் என்னென்னவோ செய்தேன், எதிலும் கால் நிலைக்கவில்லை. கீழே போய்விட்டால்தான் என்ன என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று நச்சரித்துக்கொண்டே இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. அதனாலேயே சீக்கிரம் ஒரு வண்டியை வாங்கி அந்தப் பேச்சை முடித்துவிடத் துடித்தேன்.

எங்கள் கைக்கு ஏற்றது பழைய வண்டிதான். நான் எதையும் எடுத்துக்கொள்வேன். அவள் அப்படியில்லை. புடவை எடுக்கப் போனாலே கடைக்காரர் இரண்டு தடவை டீ குடித்துவிடுவார். வெள்ளைக் கார் வேண்டாம் என்றாள், ஊருக்குள் வந்தால் ஆம்புலன்ஸ் என்று நினைத்து, யாருக்கு என்ன ஆச்சோ என்று எல்லோரும் எழுந்து வருவார்களாம். சிவப்பு கண்ணைக் குத்துகிறது. கண்ணாடி கையால் சுற்றி இறக்குகிற மாதிரி இருக்க வேண்டும். டேஷ்போர்டில் வாசனைக் குப்பி வைத்த வண்டி என்றால் கதவைத் திறந்த வேகத்தில் மூடிவிடுவாள். சாமை வைக்கோல் நிறத்தில் ஒன்று கிடைத்தால் பார்க்கலாம், அதில் தூசி தெரியாது என்றாள். அப்படி ஒரு நிறத்தில் எந்தக் கம்பெனி கார் விடுகிறது என்று கேட்டேன். விட்டிருந்தால் நல்லாத்தான் இருந்திருக்கும் என்றாள்.

எந்த வண்டியைப் பார்த்தாலும் அவளுக்கு ஒரே பழக்கம். இன்ஜின் பக்கம் போகமாட்டாள். இடது பக்க முன்சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, வலது கையை நீட்டி ஹேண்ட் பிரேக்கை ஒரு தடவை இழுத்து, ஒரு தடவை விடுவாள். திருப்பத்தூரில் எனக்கு மிகவும் பிடித்துப்போன ஒரு பழைய ஜீப்பை அப்படித்தான் தட்டிக்கழித்தாள். அதில் ஹேண்ட் பிரேக் ஸ்டியரிங்குக்கு அடியில், ஓட்டுபவர் பக்கமாக இருந்தது. அவள் உட்கார்ந்தாள், கையை நீட்டிப் பார்த்தாள், இறங்கிவிட்டாள்.

"இன்னா கொறச்சல் இதுக்கு?" என்றேன்.

"சீட்டு குத்துது" என்றாள்.

நான் தெருமுனை வரை விறுவிறுவென்று நடந்து போய்விட்டுத் திரும்பி வந்தேன். அப்போது அப்படித்தான், கோபம் வந்தால் என் கால்கள் முதலில் கிளம்பிவிடும். பங்குனியும் பிறந்துவிட்டது. வாரம் தவறாமல் இறங்குவதும் வெறுங்கையோடு ஏறுவதுமாகப் போனது. ராத்திரியில் மலைக் காற்று கூரை ஓட்டைத் தட்டும்போதெல்லாம் யாரோ வாசலில் வண்டியை நிறுத்துவது போலவே இருந்தது.

கடைசியில் திருப்பத்தூர் புளி மண்டிக்காரர் ஒருவர் தன் காரை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். பருத்த உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு, வண்டியைப் பற்றிப் பேசும்போது பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர் போல ஒரு குரல். வண்டியின் நிறம் பச்சையுமில்லை, சாம்பலுமில்லை. என் மனைவி அதைச் சுற்றி வந்து, "பரவால்ல" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதற்கு முன்பு எந்த வண்டியும் வாங்கியதில்லை. பின்னால் புளி வாடை அடித்தது; அதுவும் அவளுக்குப் பிடித்திருந்தது. இடது சீட்டில் உட்கார்ந்தாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள், விட்டாள், மறுபடியும் இழுத்தாள்.

"கீழ ஓட்னா எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். மலைக்கு ஏத்திக் காட்டுங்க" என்றாள்.

மண்டிக்காரர் சிரித்தார். "வாங்க நர்சம்மா, ஏத்திட்டாப் போச்சி."

அவரே ஓட்டினார். வண்டி இருமாமல் ஏறியது. புதூர்நாட்டில் டீ குடித்தோம், மெதுவடை தின்றோம். இறங்கும்போது நான் ஓட்டுகிறேன் என்றேன். அவர் பின்சீட்டில் சாய்ந்துகொண்டார். மனைவி என் பக்கத்தில்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மலையில் பைக் வைத்திருக்கிற யாரும் இறக்கத்தில் இன்ஜினை ஓடவிட மாட்டார்கள். நியூட்ரலில் போட்டு, சாவியை அணைத்துவிட்டு, அப்படியே வழுக்கிக்கொண்டு அடிவாரம் வரை வந்துவிடுவார்கள். பெட்ரோல் மிச்சம் என்பார்கள். நானும் என் பைக்கில் அப்படித்தான், ஆனால் எனக்குப் பெட்ரோலைவிட அந்த அமைதிதான் வேண்டியிருந்தது. நாளெல்லாம் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிற ஏதோ ஒன்று, இன்ஜின் அணைந்து காற்று மட்டும் காதில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் சும்மா இருக்கும். மூங்கில் உரசுவது கேட்கும். எங்கோ ஒரு பறவை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது கேட்கும்.

கை தானாகப் போனது. நியூட்ரல். சாவியைத் திருப்பினேன்.

அமைதி வந்தது. பின்னால் மண்டிக்காரர் மெல்லக் குறட்டை விட ஆரம்பித்தார். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். முதல் வளைவில் பிரேக் மெத்தென்று இறங்கியது. அடுத்ததில் கொஞ்சம் இறுகியிருந்தது. அதற்கும் அடுத்ததில் மிதித்தேன். காலுக்கடியில் பெடல் இல்லை, பாறை இருந்தது.

கார் பிரேக் பைக் பிரேக் அல்ல. இன்ஜின் ஓடினால்தான் அது நம் காலுக்குத் துணை வரும், அணைத்துவிட்டால் இரண்டு மூன்று மிதியோடு கைவிட்டுவிடும். இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், நான் முழு பலத்தையும் போட்டு மிதிக்கிறேன், வண்டி கேட்கவில்லை என்பதுதான். ஸ்டியரிங்கும் கனத்துவிட்டது. வலது பக்கம் பள்ளம். கீழே வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹாரன் கேட்டது. ஏறி வருகிற ஜீப். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவன் நின்றாக வேண்டும். என்னால் நிற்க முடியவில்லை. சாவியைத் திருப்ப வேண்டும் என்பதுகூடத் தோன்றவில்லை, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"மண்ணு பக்கம் ஒடிங்க" என்றாள். கத்தவில்லை, ஊசி போடும்போது குழந்தையின் அம்மாவிடம் சொல்வாளே, அந்தக் குரல். சொல்லும்போதே அவள் வலது கை ஹேண்ட் பிரேக்கில் இருந்தது. வெடுக்கென்று இழுக்கவில்லை. கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் விட்டு, மறுபடி இழுத்தாள். பின்சக்கரம் முனகியது. நான் உடம்பையே போட்டு இடது பக்கம் திருப்பினேன். மலையை வெட்டிய மண் சுவர் அவள் பக்கக் கதவை உரசிக்கொண்டே வந்தது, பக்கக் கண்ணாடி ஒடிந்து பறந்தது, வாய்க்காலில் சக்கரம் இறங்கி வண்டி சாய்ந்து நின்றது.

ஜீப் வளைவைத் திரும்பி எங்களுக்கு முன்னால் வந்து நின்றது. உள்ளே ஆள், பின்னால் தொங்கிக்கொண்டு ஆள், மேலே கட்டுக் கட்டாகச் சாமான். நான் அவர்கள் முகங்களைப் பார்த்தேன். எல்லாம் தெரிந்த முகங்கள். அதில் இரண்டு குழந்தைகள் என் மனைவியின் கையில் பிறந்தவை.

மண்டிக்காரர் கண் விழித்தார். "இன்னா சார், அடிவாரம் வந்துட்ச்சா?" என்றார். பிறகு சாய்ந்து கிடக்கிற வண்டியையும் எங்களையும் பார்த்தார். அவர் முதலில் வண்டியைத் தடவுவார் என்று நினைத்தேன். என் மனைவியின் கையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "அடி பட்ச்சா எம்மா? தண்ணி குடி மொதல்ல" என்று பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

அவள் பக்கக் கதவு மண்ணோடு ஒட்டியிருந்ததால் என் பக்கமாகத்தான் அவள் வெளியே வந்தாள். ஜீப்பிலிருந்து இறங்கிய ஓர் அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வூட்டுக்காரரா ஓட்னது?"

"ஆமா."

"அதான பாத்தேன். மலைக்கே ஊசி போடப் போயிட்ருக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆண்கள் சேர்ந்து வண்டியை வாய்க்காலிலிருந்து தூக்கிவிட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்களில் பாதிப்பேர் அன்று காலைகூட பைக்கை அணைத்துவிட்டு இறங்கியவர்களாக இருப்பார்கள்.

மண்டிக்காரர் கதவின் கீறலை ஒரு தடவை பார்த்தார். "வண்டிய பத்தி மனசுல வெச்சிக்காதீங்க சார். நான் சரி பண்ணிக்கறேன். வேற வண்டி பாருங்க" என்றார்.

"வேற வேணாங்க. இதையே நாங்க எடுத்துக்கறோம்" என்றாள் என் மனைவி.

கீறிய வண்டியை அவர் தலையில் கட்டக்கூடாது என்று சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்து மறுத்தார். அவள் விடவில்லை. அடிவாரம் வரை அவரே ஓட்டினார், இன்ஜின் ஓட, இரண்டாவது கியரில். அன்றைக்கு அந்த இரைச்சலைப்போல ஆறுதலான ஒன்றை நான் கேட்டதில்லை.

திருப்பத்தூரில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கேட்டேன். "இத்தினி வண்டிய வேணாம்னுட்டு, ஒடஞ்ச வண்டிய எடுத்துக்கறேன்றியே. அந்த நெறத்துக்காகவா?"

"நெறமும்தான்" என்றாள். "எல்லா வண்டிலயும் மொதல்ல இன்னா பாத்தேன்? உங்க பைக்ல பின்னால ஒக்காந்து எத்தினி வாட்டி எறங்கி இருக்கேன். நீங்க அணைக்காம இருக்கமாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? கர்ப்பிணிங்கள இட்டுக்கினு ஆம்புலன்ஸ்ல போறப்பலாம் டிரைவர் கையதான் பாத்துக்கினு வருவேன், ஹேண்ட் பிரேக்க எப்டி இழுக்கறாருன்னு. அது எனக்கு எட்டற மாதிரி இருக்கணும்னு நெனச்சேன். இதுல எட்டுச்சு."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லாமயா இருந்தேன். பைக்ல சொல்லிச் சொல்லித்தான் வுட்டேன்."

எழுந்து நடக்க வேண்டும் போல இருந்தது, நடக்கவில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மழைக்கு முன்னால் அந்தக் கார் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. மாற்றல் பேச்சு அதோடு நின்றது. கால் முழுவதும் குணமானதும் அவளே ஓட்டக் கற்றுக்கொண்டாள், கீறல் விழுந்த கதவை மட்டும் சரி செய்ய விடவில்லை. இப்போது இடது சீட்டு என்னுடையது. இறக்கம் வரும்போது இன்றும் அந்த அமைதிக்காக என் காது ஏங்குகிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் என் வலது கை தானாகவே அந்த பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவளுக்கு அது ஒருநாளும் தேவைப்படாது என்று தெரிந்தும். என்னோடு வாழ்வதற்காக ஒருத்தி கையெட்டும் தூரத்தில் அத்தனை நாளும் எதைத் தேடிக்கொண்டிருந்தாள் என்று ஒவ்வொரு வளைவிலும் எனக்கு அது சொல்லிக்கொண்டே வருகிறது.