அண்ணாச்சிக்குச் சொல்லியாச்சா?

காக்கித் துணியில் தைத்த பை அது. எதிர்க் குவார்ட்டர்ஸ் அண்ணாச்சியின் சைக்கிளில் அது தொங்கினால், சரோஜினி நகரில் ஏதோ ஒரு தமிழ்க் குடும்பத்தில் சாவு என்று அர்த்தம். உள்ளே சணல் கயிறு, கத்திரிக்கோல், வெள்ளைத் துணி, கற்பூரம், தீப்பெட்டி.

எழுபதுகளில் அங்கே நாங்கள் எல்லோரும் மத்திய சர்க்கார் குமாஸ்தாக்கள். ஊரில் சாவு விழுந்தால் செய்வதற்கு ஆட்கள் உண்டு. ஒதுங்கி நின்றே பழகியவர்கள் நாங்கள். டெல்லியில் அத்தனை ஆட்களும் அண்ணாச்சி ஒருவர்தான். அவரும் குமாஸ்தாதான், திருநெல்வேலிக்காரர். லீவு போட்டுவிட்டு வருவார். ஒரு ஜனவரியில் என் அப்பா இறந்தபோது, யமுனைக் கரைச் சுடுகாட்டில் விறகுக்காரனிடம், "பையா, சூக்கா லக்கடி தோ. இது நனைஞ்சுல்லா கெடக்கு" என்று இரண்டு பாஷையிலும் சண்டை போட்டு, உலர்ந்த கட்டைகளாகப் பொறுக்கி அடுக்கினார். நான் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன்.

பிறகு என் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். அந்த நேரத்தில் அண்ணாச்சி வாசலில் எதிர்ப்படக் கூடாது என்று எனக்குப் பட்டது. அம்மாதான் சொல்லச் சொன்னாள் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். எண்ணம் என்னுடையது, போய்ச் சொன்னதும் நான்தான். அவர் சிரித்தார்.

"இதுக்கா தம்பி இம்புட்டுத் தயங்குதிய? என்னக் கண்டா எமனே, ஆளு ரெடியான்னுதான் கேப்பான். நான் பின்சந்து வழியா போயிருதேன்."

சம்பந்தம் முடிந்தது. நான் அதை மறந்தும் போனேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு முற்பகல், மாடிவீட்டுக்காரர் என் ஆபீசுக்கு போன் செய்தார். நம்ம பிளாக்கில் ஒரு சாவு, உடனே வாருங்கள் என்றார். யார் என்று கேட்பதற்குள் என் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"அண்ணாச்சிக்குச் சொல்லியாச்சா?"

 "போனது அண்ணாச்சிதான் சார்" என்றார்.

ரிசீவரை எப்போது வைத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. என் கேள்வி மட்டும் என் குரலிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறது.

அன்று அவருக்கு லீவு; நான் ஆபீசுக்குக் கிளம்பிய பிறகு முற்றத்தில் பல் துலக்கப் போனவர் அப்படியே சாய்ந்திருக்கிறார். புல்தரையில் கும்பலாக நின்றோம். மூங்கில் எங்கே வாங்குவது, வண்டிக்கு யாரிடம் சொல்வது, ஒருவருக்கும் தெரியவில்லை. காக்கிப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கயிறு இருந்தது, முடிச்சுப் போடத்தான் யாருக்கும் வரவில்லை. மாற்றி மாற்றி அவிழ்த்து, எப்படியோ கட்டினோம்.

தூக்கும்போது, பின்வழி அகலம் என்று யாரோ சொன்னார். அண்ணாச்சியின் மனைவி நிமிர்ந்தார்.

"வேண்டாம். இந்தத் தம்பியோட தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்த நாள்லேருந்து அவிய பின்சந்து வழியாத்தான் போய் வந்தாவ. காலைல நாலு பேரு நல்ல காரியத்துக்குப் போற நேரம், நாம எதுக்க வரக் கூடாதுன்னு. இன்னைக்காவது முன்வாசல் வழியா போகட்டும்."

அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. சைக்கிளைப் பின்னால் நிறுத்த வசதி என்பதால்தான் அண்ணாச்சி அப்படிப் போகிறார் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நான் கேட்டது ஒரே ஒரு காலைப்பொழுதுக்கு மட்டும். திறந்து கிடந்த என் வாசலைத் தாண்டி அவரைத் தூக்கிப் போனபோது, முன்னால் தோள் கொடுத்தவன் நான்.

இப்போது நாங்கள் இருக்கும் மயூர் விஹாரில் ஒரு போன் செய்தால் கண்ணாடிப் பெட்டியோடு வண்டி வந்துவிடுகிறது. காரியம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது அண்ணாச்சியின் மனைவி, யாராவது கேட்டால் கொடுங்கள் என்று அந்தப் பையை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். யாரும் கேட்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு நானும் எந்தச் சாவு வீட்டுக்கும் போனதில்லை. பின்பக்கத்து பால்கனியில் தொங்குகிறது. முன்னறையில் மாட்ட மருமகள் விடமாட்டாள் என்று எழுதலாம். அதுவும் பொய்யாகிவிடும்.